நிலத்துக்காரர் பெயர்

புந்தோங், ஈப்போ
10 மார்ச் 2024

லோஷினியின் அப்பாவுக்கு,

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைப் பிடிக்கிறாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் நான் இளகிப் போவேன். அது தெரிந்துதான் நீங்களும் பேசுகிறீர்கள். அதனால் இந்த விஷயம் தீரும்வரை என்னோடு எழுத்தில்தான் பேச்சு. லோஷினியோடு வழக்கம்போல் பேசிக்கொள்ளுங்கள். பதினொரு வயதுப் பிள்ளையை இதில் இழுக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எப்படி அனுப்புவது என்று விசாரிக்கவே அரை நாள் லீவு போனது. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "நெகாரா இனி தாக் அடா, கக்" என்றாள். அப்படி ஒரு நாடே இல்லையாம். பிறகு நீங்கள் அனுப்பிய முகவரியைப் படித்துப் பார்த்து, துருக்கியில் ஏதோ மெர்சின் என்ற ஊருக்குப் போட்டால் அங்கிருந்து கடல் தாண்டிப் போகும் என்று கண்டுபிடித்தாள். சொந்தமாக ஒரு தபால் முகவரிகூட இல்லாத இடத்திலா எங்களுக்கு வீடு பார்த்திருக்கிறீர்கள்?

போன வருடம் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "துருக்கிப் பக்கம், ஹோட்டல் கட்டுறாங்க, ரெண்டு வருஷம் ஒயரிங் வேலை, முடிஞ்சதும் வந்துருவேன்." ஏஜெண்டும் அப்படித்தான் சொன்னான். இப்போது திடீரென்று முதலாளி வீடு தருகிறார், எலுமிச்சைத் தோட்டத்தோடு தருகிறார், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்கிறீர்கள். பால் காய்ச்சிப் படம் வேறு அனுப்பினீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்று கிளினிக்கில் எல்லோரிடமும் படத்தைக் காட்டினேன்.

லோஷினிதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மா, அங்க உள்ளவங்க முஸ்லிம்னு அப்பா சொன்னாங்கல? வாசல்ல ஏன் சிலுவை இருக்கு?" என்றாள். பார்த்தேன். நிலைப்படிக்கு மேலே கல்லில் சிலுவை, அதன் கீழே ஒரு வருடம், புரியாத எழுத்து. அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். சைப்ரஸ் தீவின் வடக்குப் பகுதி. எழுபத்து நாலில் துருக்கி ராணுவம் வந்தது, இன்னும் போகவில்லை. அங்கிருந்த கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். அவர்கள் வீடுகளில் இப்போது வேறு ஆட்கள்.

வேறு ஆட்கள் என்றால் யார்? நீங்கள்.

யாருடைய அடுப்பில் பால் காய்ச்சினீர்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பிரமிளா


8 ஏப்ரல் 2024

பிரமிளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். வேலைக்கு வந்தவனைத் திருடன் மாதிரி விசாரிக்கிறாய்.

ஏஜெண்ட் மறைத்தான், உண்மை. விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்கே தெரியும். முதல் வாரம் பயந்துகொண்டே இருந்தேன். எங்கள் கிராமத்துக்கு வரும் சாலையில் ஒரு பக்கம் முழுக்க ராணுவ முகாம். முள்வேலி, சிவப்புப் பலகை, படம் எடுக்கக் கூடாது. பிறகு பழகிவிட்டது. காலையில் சிப்பாய்ப் பையன்கள் ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன். யாரும் யாரையும் சுடவில்லை.

இங்கே எல்லோரும் அடாவடிக்காரர்கள் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டு ஹாசன் துருக்கியிலிருந்து வந்தவர். அவர் ஊரில் அணை கட்டி ஊரையே தண்ணீருக்குள் விட்டுவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் வீடும் நிலமும் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்ல, அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிய சின்னப் பையன் அவர். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடப் பெரட்டுக்கு ஆள் நிறுத்துவதுபோல் நிறுத்திச் சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தார்களாம். "எங்கப்பா வாழ்க்கையில முதல்முதலா ஜெயிச்ச சீட்டு" என்று சிரிக்கிறார். டீக்கடைக்காரர் கதை வேறு. அவர் இந்தத் தீவுக்காரர், துருக்கி பேசுகிறவர். தெற்கே அவருக்கு வீடு இருந்தது. உயிருக்குப் பயந்து வடக்கே ஓடிவந்தார். அவர் வீட்டில் இன்று யாரோ. கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரக் கிழவர்கள் இருக்கிறார்கள். வெயிலுக்கும் மலிவுக்கும் வந்தவர்கள். யாரும் துப்பாக்கி தூக்கி வரவில்லை, பிரமிளா. கூப்பிட்டார்கள், வந்தார்கள். இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, அதனால் வந்தார்கள்.

நான் மட்டும் எதற்கு வந்தேன்? ஈப்போவில் எத்தனை வருடம் காண்டிராக்ட் கூலியாகவே இருந்தேன். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பின பையன்களெல்லாம் எனக்கு மேலே போனார்கள். புந்தோங் ஃப்ளாட்டில் லிஃப்ட் ஓடிய நாளை விரல்விட்டு எண்ணலாம். இங்கே என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். முதலாளிக்கு விடுமுறை வீடுகள் நிறைய. எல்லாவற்றுக்கும் கரண்டு வேலை நான்தான். நான் வேலையில் இருக்கும்வரை அந்த வீடு நமக்கு. லோஷினிக்குத் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் மரம்.

வீடு யாருடையது என்று கேட்டாய். அம்பது வருடத்துக்கு முன்னால் போனவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்? நான் ஒன்று கேட்கிறேன். நீ வேலைக்குப் போகிற கிளினிக் எங்கே இருக்கிறது? கோப்பெங் மூணாங்கட்டை ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டின தாமான் குடியிருப்பில்தானே? உங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்திவிட்டு வருகிறவர்களுக்குத்தானே நீ ரத்த அழுத்தம் பார்க்கிறாய்? அந்தச் சம்பளம் உனக்கு உறுத்தவில்லையே.

கோபத்தில் எழுதிவிட்டேன், இருக்கட்டும். ஒரு உதவி செய். வாசலில் ஒரு பெரிய ஆலிவ் மரம் இருக்கிறது. அதன் அடியில் நம் முனியாண்டியை வைக்க ஆசைப்படுகிறேன். தோட்டத்துக் கோயிலில் பிடிமண் எடுத்து அனுப்பு. சாமி வந்துவிட்டால் நீயும் மனம் மாறி வருவாய்.

தனேஸ்


5 மே 2024

லோஷினியின் அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

ஆமாம், அங்கேதான் வேலை செய்கிறேன். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் லயத்து வீடு இருந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறேன். இப்போது அங்கே கார் கழுவுகிற கடை. அப்பா பால் வெட்டிய மலைச்சரிவில் மாடி வீடுகள். தோட்டத்தை விற்றபோது எங்களிடம் யார் கேட்டார்கள்? பால்மரத்தை எண்ணி விற்றவர்கள், அதன் அடியில் மூணு தலைமுறையாக இருந்தவர்களை எண்ணவே இல்லை. நீங்கள் அப்போது என்னைக் கல்யாணம் செய்திருக்கவில்லை, பார்க்கவில்லை. புல்டோசர் வந்த காலையில் எங்கப்பா ராமையா சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போலீஸ்காரர் தமிழ்ப் பையன்தான், கெஞ்சினான். "ஐயா, எழுந்திரிங்கையா, நான் என்ன செய்யட்டும், எனக்கு ஆர்டர் லா." அப்பா, "எனக்கும் இது வீடு லா" என்றார். நாற்காலியோடு தூக்கி லோரியில் வைத்தார்கள். அதோடு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைவீட்டு மாடி அறையில் ஒரு வருடம் இருந்து, போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தாமானில் குடியிருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? பென்ஷன் வாங்கிய வாத்தியார்கள், லோன் போட்டு வீடு வாங்கின பிள்ளைகள். போன மாதம்கூட ஒருவர், "இங்க காத்து நல்லா இருக்கும்மா, முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். "என் வீடு இருந்துச்சு, அங்கிள்" என்றேன். அவர் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இரண்டாம் தடவை பார்க்க வேண்டியதாயிற்று. வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். எனக்கு நியாயம் கிடைக்கவில்லை, ஆனால் நான் அந்த மண்ணில் நடக்கிறேன். வாயைத் திறக்கிறேன். என்னை உள்ளே விடாமல் இருக்க எந்த ராணுவமும் வேலி போட்டு நிற்கவில்லை. நான் பறிகொடுத்த இடத்தில் கூலிக்கு நிற்கிறேன், நீங்கள் பறித்த இடத்தில் வீட்டுக்காரராக நிற்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? இதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இல்லாததால்தான் எல்லோரும் வந்தார்கள் என்கிறீர்கள். இல்லாதவனைப் பார்த்துப் பார்த்துத்தானே கூப்பிடுகிறார்கள்! ஒருவனைத் தண்ணீர் விட்டு விரட்டி, இன்னொருவனைத் துப்பாக்கி காட்டி விரட்டி, முதலாமவனைக் கொண்டுபோய் இரண்டாமவன் வீட்டில் வைத்தால், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர்தான் முறைப்பார்கள். விரட்டியவன் ரொட்டி வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். எங்கள் தாத்தாக்களையும் கங்காணிகள் இப்படித்தான் ஆள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். உங்களுக்கு வீடு கொடுத்த முதலாளி நல்லவர்தான், யார் இல்லை என்றது?

ஆனாலும் பிடிமண் கேட்டீர்கள் என்று போனேன். சாமி விஷயத்தில் நான் குறுக்கே நின்றதாக இருக்க வேண்டாம் என்றுதான். கோயில் இப்போது பெரிய கரண்டுக் கம்பிக்கு அடியில் இருக்கிறது. தோட்டத்தை விற்றபோது கம்பெனி கோயிலுக்கென்று கொடுத்தது அந்த இடம்தான். பூசாரி இராமசாமி மாமா சூடம் ஏற்றிவிட்டு, "மண்ணு எங்க போவுது?" என்றார். சொன்னேன்.

"சரி. யாரு நெலம் அது?"

"மொதலாளி குடுத்த வீடு, மாமா."

"மொதலாளி குடுத்தது இருக்கட்டும். அவரு யார்கிட்ட வாங்குனாரு? முனியாண்டி காவலுக்கு நிக்கிற சாமி. யாரு நெலத்துல, யாரு சம்மதத்துல நிக்கப் போறாருன்னு பேரு சொல்லித்தான் மண்ணு எடுக்கணும். இந்த மண்ண இங்க கொண்டாந்தப்ப உங்கப்பா, கம்பெனிப் பேரைச் சொல்லித்தான் எடுத்தாரு, அழுதுக்கிட்டே. பேரு தெரியலன்னா போயி கேட்டுட்டு வா."

வெறும் டப்பாவோடு திரும்பி வந்தேன். எனக்குப் பெயர் வேண்டும். நிலத்துக்காரர் பெயர் இல்லாமல் மண்ணும் வராது, நானும் வரமாட்டேன்.

பிரமிளா


21 ஜூலை 2024

பிரமிளாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே வீட்டுக்காரர் பெயரை ஹாசனிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "கோடையில வருவாங்க. ரோட்டுல காரை நிறுத்திட்டுப் பார்ப்பாங்க. நீ உள்ளயே இரு, கொஞ்ச நேரத்துல போயிடுவாங்க" என்றார். எல்லைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாமாம். அவர் வீட்டுக்கும் அப்படி ஒரு குடும்பம் வருமாம். அவர் அப்பா கடைசிவரை அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருப்பாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஒரு சின்னக் கார், அதில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, வண்டி ஓட்ட ஒரு மருமகன். நான் உள்ளே இருக்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, பிரமிளா. வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் சொன்னேன். "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். தே தாரிக் ஆற்றி, ஓடிப்போய்க் கொண்டுவந்து நீட்டினேன்.

அந்த அம்மாள் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் வீட்டில் என்னை வரவேற்க நீ யார்?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கோப்பை சாய்ந்து டீ என் காலில் கொட்டியது. நம் ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய அவமானத்தை அவருக்கு யாரும் செய்திருக்கவும் முடியாது.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சுற்றிப் பார்த்தார். அந்தக் கிணற்றடியில்தான் அவருடைய அண்ணனைக் கடைசியாகப் பார்த்தாராம். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. லோஷினியைவிட ஒரு வயது கூட. அண்ணன் மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர். இன்னும் வரவில்லை.

அப்போதுதான் நான் அந்தத் தப்பையும் செய்தேன். உங்கள் அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். எதற்கு என்றார். மறைக்கத் தெரியவில்லை, சொன்னேன். என் மனைவியின் தோட்டத்திலிருந்து சாமி மண் வரவேண்டும், நிலத்துக்காரர் பெயரைச் சொன்னால்தான் பூசாரி கொடுப்பார் என்றேன். மருமகன் என்னை அடித்துவிடுவார் போலிருந்தது. அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்கள் எடுத்துக்கொண்டு போனது பெயர் ஒன்றைத்தான். அதையுமா கேட்கிறாய்?" என்றார்.

போகும்போது ஒரு எலுமிச்சம்பழத்தைப் பறிக்கக் கை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, பறிக்காமல் போய்விட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இந்த வீட்டை விட்டுப் போனால் அவருக்கா கொடுக்கப் போகிறார்கள்? இல்லை. முதலாளியிடம் ஆள் தயாராக இருக்கிறது. நான் போனால் இன்னொருவன் வருவான். அவனுக்கு வாசலுக்கு வரக்கூடத் தோன்றாது. நான் இருந்தால் அந்த அம்மாள் வரும்போதாவது கதவு திறந்திருக்கும். யோசித்துப் பார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாயா?

தனேஸ்


16 ஆகஸ்ட் 2024

லோஷினியின் அப்பாவுக்கு,

இன்னொருவன் வரட்டும். அவன் பெண்டாட்டி அவனுக்கு எழுதட்டும்.

பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. எனக்கும் லோஷினிக்கும் மார்ச்சிலேயே எடுத்துவிட்டேன், நீங்கள் பால் காய்ச்சின படம் அனுப்பிய மறுநாளே. உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆசை இல்லாமலா போய்விட்டது? நான்கு மாடி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால், புருஷன் எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மரம் என்று எழுதினீர்களே, அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன்! வந்துவிடலாமா, யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கும் தோன்றியது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். உங்கள்மேல் மட்டும் இல்லை.

அந்த அம்மாளுக்காகக் கதவைத் திறந்து வைக்கிறீர்களாம்! அவர் வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் வந்தால் கதவைத் திறப்பேன் என்கிறீர்கள். எங்கப்பாவை நாற்காலியோடு தூக்கினானே அந்தப் போலீஸ்காரப் பையன், அவனும் மெதுவாகத்தான் தூக்கினான். நான் செய்யவில்லை என்றால் வேறொருவன் முரட்டுத்தனமாகச் செய்வான் என்று அவனும் நினைத்திருப்பான். அவன் நல்லவனாக இருந்தது அப்பாவுக்கு எதற்கு உதவியது? எல்லோரும் இப்படியே சொல்லிக்கொண்டு உள்ளே போனால், வெளியே நிற்கிறவர் எந்த ஜென்மத்தில் உள்ளே வருவார்?

நீங்கள் கெட்டவர் இல்லை. கையில் டீயோடு நின்றீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டு அழுதேன். அந்த மனுஷரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவர் அந்த வீட்டில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஹாசனின் அப்பாவாகிவிடுவார். கோடையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். என் மகள் அந்த வீட்டில் வளர்ந்தால் அவளுக்கும் சாத்தக் கற்றுக்கொடுப்பார்.

நாங்கள் வரவில்லை. இதுதான் என் முடிவு. உங்கள் முடிவை நீங்கள் எடுங்கள். என் கோபத்துக்குப் பயந்து எடுக்காதீர்கள். பயந்து எடுத்தால் நாளைக்கு என்மேல் பழி சொல்வீர்கள்.

பிரமிளா


29 செப்டம்பர் 2024

பிரமிளாவுக்கு,

இதைத் தொழிலாளர் கொட்டகையிலிருந்து எழுதுகிறேன். தகரக் கூரை, ஒரு அறையில் ஆறு பேர். வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். எழுத்தில் சண்டை போட்டோம், எழுத்திலேயே முடிப்போம் என்று நினைத்தேன்.

முதலாளிக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. மனைவி வரவில்லை என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். குடும்பம் இல்லாதவனுக்கு இங்கே எதிர்காலம் இல்லை, ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். பிப்ரவரியோடு வேலை முடிகிறது. வந்து பழையபடி காண்டிராக்ட்தான், தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஈப்போவில் என்னை மாஸ்டர் என்று யாரும் கூப்பிடப் போவதில்லை.

சாவியைக் கொடுத்த அன்று மாலையே புது ஆள் வந்துவிட்டான். பாகிஸ்தான்காரன், தௌஃபிக் என்று பெயர், நல்ல பையன். வெள்ளத்தில் வீடும் மாடும் போய்விட்டதாம். தாயும் மனைவியும் மூன்று குழந்தைகளும் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறார்கள். பெட்டியைத் தூக்க அவனுக்குக் கை கொடுத்தேன். மனசு கேட்காமல், வாசற்சிலுவையைக் காட்டி இது யாருடைய வீடு, அவர் எப்போது வருவார், என்ன சொன்னார் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க ஏன் இருந்தீங்க, பாய்?" என்றான்.

"எனக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சும் இருந்தேன். என் மனைவி விடல" என்றேன்.

"உங்க மனைவி தலைக்கு மேல கூரை இருக்கு, கேட்டாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "என் மனைவி எப்போ வரலாம்னுதான் கேட்கிறா."

அதற்குள் அவன் போன் அடித்தது. வீடியோவில் அந்தப் பெண். அவன் போனைத் திருப்பி எலுமிச்சை மரங்களையும் கிணற்றையும் காட்டிக்கொண்டே தோட்டத்துக்குள் போனான். குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு முகாம் வேலியோரமாக நடந்து வந்துவிட்டேன்.

விமான நாள் தெரிந்ததும் சொல்கிறேன். லோஷினியிடம் நீயே சொல், எனக்குத் தைரியம் இல்லை. தனி அறை உண்டு என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தனேஸ்